நம்பர் இல்லாத மகிழமரம்

தார் டப்பாவும், எண் வெட்டிய தகரத் தகடுகளும் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் எங்கள் வரிசைக்குள் நுழைந்த அன்று காலை, பக்கத்து வீட்டு அக்காவின் மகிழமரம் புடவை கட்டிக்கொண்டு நின்றது. ஒரு புடவை அல்ல, நான்கு. அதில் இரண்டு என்னுடையவை. அடிமரத்தைச் சுற்றி முதலில் ஒரு பழைய ஜமுக்காளம், அதன்மேல் ஈரப் புடவைகள், அதன்மேல் சாய்த்து வைத்த கயிற்றுக் கட்டில். மரம் மறைந்ததா என்றால் மறையவில்லை. அண்ணாந்து பார்த்தால் கூரைக்கு மேல் கரும்பச்சையாகக் குடை விரித்துக்கொண்டு நிற்பது யாருக்கும் தெரியும். ஆனால் நம்பர் போடுவது அடிமரத்தில். அடிமரம் துணிக்குள் இருந்தது. வந்தவர்களுக்கோ வெயில். அக்கா கையில் ஒரு குண்டான் மோர்.

"இன்னாம்மா, உள்ளே மரமா கீது?" என்று தார் டப்பாக்காரர் கேட்டார்.

"மரமெல்லாம் இல்லப்பா. துணி காயப்போட கழி நட்டேன். அது பாட்டுக்குத் துளிர் வுட்டுக்கினு கீது. நான் இன்னா பண்றது?" என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

இருவரும் சிரித்தார்கள். மோர் குடித்தார்கள். அடுத்த வரிசை வேப்பமரத்துக்கு வெள்ளைப் பட்டை அடித்து, நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். நானும் அக்காவும் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் கையாலேயே அந்த மரத்துக்குக் குழி பறித்துவிட்டு, அதற்குச் சிரிப்பு வேறு.

ஆவடியில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸில் மண்ணில் வேர்விட்டது எதுவாக இருந்தாலும் அது சர்க்காருடையது. நீங்கள் கன்று வாங்கி நட்டிருக்கலாம், பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றி வளர்த்திருக்கலாம். தார் பூசி நம்பர் விழுந்த நாளிலிருந்து அது எஸ்டேட் ஆபீஸின் மரப் பதிவேட்டில் ஒரு வரி. அப்புறம் கூரையில் உரசும் கிளையை ஒடிக்க வேண்டுமென்றாலும் மனு எழுத வேண்டும். மா, புளி, தென்னை எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை ஏலம் போகும். எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு தச்சர் வீடு. அவர் நட்ட மாமரத்திலிருந்து அவர் மனைவி ஊறுகாய்க்கு நாலு காய் பறித்ததற்கு, ஏலம் எடுத்தவனின் ஆள் வாசலில் நின்று திருடி என்று கத்தினான். தான் நட்ட மரத்தில் தானே திருடி. அந்த அம்மாள் ஒரு வாரம் தெருக்குழாய்ப் பக்கம் வரவில்லை.

அதைப் பார்த்ததிலிருந்துதான் அக்காவுக்குப் பயம். "மகிழம்பூவ எவன்க்கா ஏலம் எடுக்கப் போறான்?" என்று நான் கேட்டேன்.

"எடுப்பானுங்கடி. பூவ எடுப்பான், பழத்த எடுப்பான், அப்பால நெழலயும் ஏலம் வுட்டானுங்கன்னா எங்க ஊட்டுக்காரரு எங்க போயி குந்துவாரு?" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் வெல்டர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இருபது வருஷம் நெருப்புப் பூவைப் பார்த்துப் பார்த்து அவர் கண் கெட்டுப்போயிருந்தது. பார்வை போகவில்லை. வெளிச்சம்தான் ஆகாது. ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும்போதே கண்ணிலிருந்து நீர் வழியும். எங்கள் வரிசை மேற்குப் பார்த்த வரிசை. அதில் கடைசி வீடு அவர்களுடையது. மூன்று மணியிலிருந்து வெயில் நேராக முன்னறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். குடிவந்த வருஷமே அக்கா வாசலுக்கு எதிரே மேற்கில் ஒரு மகிழங்கன்று வைத்தாளாம். ஏன் மகிழம் என்று கேட்டதற்கு அவள் சொன்ன காரணத்தை நான் மறக்கவில்லை. "வாகை வச்சவன் ஊட்டப் பாரு. பங்குனி வந்தா இலையெல்லாம் கொட்டிட்டு எலும்பா நிக்கும். வெயில் அடிக்கறப்போதான் நெழலு வேணும், அப்போன்னு பாத்து அது அம்மணமா நிக்கும். இது அப்படி இல்ல. பன்னெண்டு மாசமும் ஒரே மாரி." அவ்வளவுதான் அவளுடைய தாவர சாஸ்திரம். அதில் ஒரு சொல்லைக்கூட நான் இன்றுவரை திருத்த முடிந்ததில்லை.

மகிழம் சோம்பேறி மரம். ஆள் உயரம் வரவே நாலைந்து வருஷம் எடுத்துக்கொள்ளும். பூக்க இன்னும் சில வருஷம். நான் எண்பதுகளின் தொடக்கத்தில் அடுத்த வீட்டுக்குக் குடிவந்தபோது அது பூக்கத் தொடங்கியிருந்தது. அண்ணன் சாயங்காலம் நாற்காலியை அதன் அடியில் போட்டு, கண்மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் இருப்பார். அவர் சட்டைமேல் இரண்டு மூன்று பூ விழுந்து கிடக்கும். தட்டிவிட மாட்டார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் விருதுநகர் பக்கத்திலிருந்து வந்தவள். ஃபாக்டரியில் சீருடை தைக்கும் பிரிவில் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. துணிக்கட்டுகளில் ஒட்டி வரும் சீட்டுகளைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அந்தக் கர்வம் கொஞ்சம் உண்டு. வாயும் கொஞ்சம் அதிகம்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில், அக்கா வாசலுக்கும் மகிழமரத்துக்கும் இடையே, ஒரு சிமென்ட் தொட்டி இருந்தது. வீடு கட்டிய காலத்தில் செங்கல் நனைக்கக் கட்டியது. முழங்காலுக்கு மேல் ஆழம், இரண்டு கட்டில் அகலம். கட்டினவன் இடிக்காமல் போய்விட்டான். ஆனால் அதன் நெற்றியில் கறுப்புப் பெயின்டில் ஒரு நம்பர் போட்டுவிட்டுப் போயிருந்தான். அதில் நான் ஊதா அல்லி வைத்தேன்.

அல்லிக்கிழங்கைத் தந்தது நர்சரி பாய். பூந்தமல்லியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று சக்கர வண்டியில் கன்றுகளை ஏற்றிக்கொண்டு வருவார். அவர் பேச்சைக் கேட்பதற்காகவே பெண்கள் கூடுவார்கள். அக்காவுக்கு மகிழங்கன்று தந்ததும் அவர்தான் என்பதால், எங்கள் இருவருக்கும் நடுவில் நீதிபதி வேலையும் அவருக்கு.

"பாய், நீங்களே சொல்லுங்க. தோட்டத்துக்கு எது நல்லது, மகிழமா அல்லியா?" என்று நான் மடக்குவேன்.

"தங்கச்சி, அல்லிங்கறது புதுப்பொண்ணு மாரி. வந்த மாசமே பூத்துக் காட்டும். ஆனா தண்ணி ஒரு ஜாண் கொறஞ்சா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும். மகிழம் வந்து என் மாமியார் மாரி. பத்து வருஷம் ஒரு வார்த்தை நல்லதா பேசல. இப்போ நான் போவலன்னா சோறு எறங்காதாம்!"

"அப்போ எது நல்லதுன்றீங்க?"

"ரெண்டையும் விக்கிறவன்கிட்ட கேட்டா இன்னா சொல்லுவான்? ரெண்டும் நல்லதுதான்!"

உண்மையில் இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. வைத்த பிறகுதான் தெரிந்தது. ஊதா அல்லிக்கு வெயில் வேண்டும். அரை நாளாவது முழு வெயில் பட்டால்தான் மொட்டு மேலே வரும். எங்கள் தொட்டிக்குக் காலையில் வீட்டு நிழல், மதியத்துக்கு மேல் மகிழ நிழல். நடுவில் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் அது வாரத்துக்கு ஒரு பூ பூக்கும். மகிழ இலை காற்றில் உதிர்ந்து தண்ணீரில் ஊறும். அதை நான் பொறுக்கிப் பொறுக்கி எறிவேன். "உன் மரம் என் பூவைத் திங்குதுக்கா" என்பேன். "உன் தொட்டியில கொசு முட்டை வச்சி என் புள்ளைங்களத் துன்னுது, அத நான் கேட்டனா?" என்பாள். தொட்டியில் மீன் விட்டேன், கொசு போனது. "மரத்துக்குத் தண்ணி ஊத்த வேணாம், உன்னுதுக்கு லாரி வரணும்" என்பாள். அதுவும் உண்மை. தண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு வரிசையில் நின்ற கோடைகளில் என் அல்லி இலையெல்லாம் சுருண்டு சேற்றில் கிடக்கும். மகிழம் ஒரு இலை வாடாமல் நிற்கும். பிறகு மழை வரும். செத்தது என்று நான் நினைத்த கிழங்கு ஒரே வாரத்தில் இலை விடும். "ஒத்துக்கினேன்டி, உன்னுதும் கெட்டிதான்" என்பாள். இப்படியே ஏழெட்டு வருஷம் சண்டை. அந்தச் சண்டை எங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு போடும் வெற்றிலை மாதிரி.

அப்போதுதான் எஸ்டேட் ஆபீஸுக்குப் புது அதிகாரி வந்தார். தொண்ணூறுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. யாரோ ஒரு பெரிய அதிகாரி டெல்லியிலிருந்து குவார்ட்டர்ஸைப் பார்க்க வருகிறார் என்று பேச்சு. மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது எங்கள் வரிசை. அதனால் புது அதிகாரி எங்கள் வரிசையைத்தான் அழகுபடுத்துவது என்று முடிவு செய்தார். ஒரு நாள் காலை கிளார்க்கைக் கூட்டிக்கொண்டு, கையில் ஃபைலோடு வந்தார். தொட்டியில் அன்றைக்குப் பார்த்து ஒரே ஒரு ஊதாப் பூ மலர்ந்திருந்தது. நின்றார். பார்த்தார். "யார் வளர்க்கறது?" என்று கேட்டார்.

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனேன். அதிகாரி ஒருவர் என்னிடம் ஒரு விஷயத்தை நான் தெரிந்தவள் என்று நினைத்துக் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஃபாக்டரியில் எங்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. எத்தனை பீஸ் முடிந்தது என்று மட்டும் கேட்பார்கள்.

"ஏன்மா ஒரு பூதான் இருக்கு?"

"வெயில் பத்தலை சார். அல்லிக்கு நல்லா வெயில் விழணும். மதியத்துக்கு மேல இந்த மகிழமரம் மறைச்சிருது."

"மரம் இல்லேன்னா?"

"தொட்டி நிறையப் பூக்கும் சார்."

இதைத்தான் சொன்னேன். கூடக்குறைய ஒரு சொல் இல்லை. ஏழெட்டு வருஷமாக அக்காவிடம் தினமும் சொன்ன அதே பேச்சு. அக்காவிடம் சொன்னால் அதற்கு ஒரு பதில் வரும், அதற்கு நான் ஒன்று சொல்வேன், இருவரும் சிரிப்போம். இந்த மனிதர் சிரிக்கவில்லை. கிளார்க்கிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிளார்க் என் பெயரும் வீட்டு நம்பரும் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்குத் தோட்டப் பரிசு ஏதோ தரப்போகிறார்கள் என்று நினைத்தேன். அன்று முழுக்கத் தையல் மிஷினில் என் கால் தரையில் பாவவில்லை.

வெட்டின அன்று நான் ஷிப்டில் இருந்தேன். நடந்ததை அக்கா வாயாலும் வரிசைப் பெண்கள் வாயாலும் கேட்டதுதான். நான்கு பேர் ரம்பமும் கயிறும் கொண்டுவந்தார்களாம். அக்கா ஓடிப்போய் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாளாம். "பர்மிஷன் இல்லாம சர்க்காரு மரத்துல கை வப்பியா? கேஸ் ஆவும்!" என்று கத்தினாளாம். அவளுக்குச் சட்டம் தெரியும். நம்பர் போட்ட மரத்தை வெட்ட வேண்டுமென்றால் மனு மேலே போக வேண்டும், மேலே போய் இன்னும் மேலே போக வேண்டும், அது திரும்பி வருவதற்குள் அதிகாரிக்கே மாற்றல் வந்துவிடும். குவார்ட்டர்ஸில் எத்தனையோ பட்டமரங்கள் அந்த ஒரு காரணத்தாலேயே வெட்டப்படாமல் நின்றன.

அதிகாரியும் கிளார்க்கும் வந்தார்கள். கிளார்க் மரப் பதிவேட்டைத் திறந்து எங்கள் வரிசையும் அக்கம்பக்கத்து வரிசைகளும் உள்ள பக்கத்தை விரலால் தேய்த்துக்கொண்டே போனார். வேம்பு இருந்தது. வாகை இருந்தது. தச்சர் வீட்டு மா இருந்தது.

"இந்த இடத்துல மரமே இல்லம்மா" என்றார்.

"அப்போ நான் கட்டிக்கினு கீறது இன்னா, உங்க ஆபீஸ் தூணா?" என்று கேட்டாளாம் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. பதிவேட்டில் இல்லாததற்கு யாரிடம் அனுமதி கேட்பது? இல்லாததை வெட்டினால் எந்தக் கேஸ் வரும்? தொட்டி இருந்தது. தொட்டி, சிமென்ட், ஒன்று. அதற்கு நம்பர் இருந்தது, வரி இருந்தது, பக்கம் இருந்தது. செங்கல் நனைத்த தொட்டிக்கு இருந்த மரியாதை, உயிரோடு நின்ற மரத்துக்கு இல்லை. இரண்டு பெண்கள் வந்து அக்காவின் கையைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று மணிக்குள் முடித்துவிட்டார்கள். அத்தனை வருஷம் மெதுவாக, சோம்பேறித்தனமாக வளர்ந்த மரம்.

ஃபாக்டரி சங்கு ஊதி நான் வீடு திரும்பும்போது வரிசை முழுக்க ஒரே வெளிச்சம். வேறு தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். தரையெல்லாம் நசுங்கின பூ. அண்ணன் வந்து சைக்கிளை நிறுத்தினார். பழக்கத்தில் நாற்காலியை எடுத்து அதே இடத்தில் போட்டார். உட்கார்ந்தார். பிறகு எழுந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

பெரிய அதிகாரி வந்தாரா என்று கேட்பீர்கள். வந்தார். தொட்டிக்கு நீலப் பெயின்ட் அடித்து, சுற்றிச் செங்கல் நட்டு, சுண்ணாம்பு பூசி வைத்திருந்தார்கள். வெயில் பட்டு என் அல்லியும் தொட்டி நிறைய மொட்டு விட்டிருந்தது. அவர் கார் வந்து நின்றது சாயங்காலம் நாலரை மணிக்கு. ஊதா அல்லி காலையில் மலரும், மதியம் தாண்டினால் கூம்பிவிடும். நாலரை மணிக்குத் தொட்டியில் இருந்தது பதினைந்து பச்சை முஷ்டிகள். அவர் எட்டிப் பார்த்தார். "ஒன்னும் இல்லியே" என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார். போய்விட்டார். எங்கள் அதிகாரி என்னைத் திரும்பி முறைத்தார். அல்லி எத்தனை மணிக்குக் கூம்பும் என்று அவர் என்னைக் கேட்கவே இல்லையே! வெயில் வேண்டும் என்று நான் சொன்னது காதில் விழுந்தது. மற்றதைக் கேட்க நேரமில்லை. ஒரு மரத்தை வெட்டும் அளவுக்கு அவசரப்பட்டவருக்கு, ஒரு பூவைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்கப் பொறுமை இல்லை. எனக்கு வயிறு எரிந்தது அன்றைக்கு. எழுதும்போதும் எரிகிறது.

அதோடும் போகவில்லை. நாலைந்து நாள் கழித்துச் சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் போனேன். முன்னறைக் கூரையில் வெளிச்சம் அலை அலையாக ஆடிக்கொண்டிருந்தது. சினிமாக் கொட்டகையில் மிஷின் ஓட்டுகிற மாதிரி. மேற்கு வெயில் தொட்டித் தண்ணீரில் பட்டு, அப்படியே எகிறி வீட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் சமையலறை மூலையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தார்கள். புழுக்கத்தில் பிள்ளைகளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. என்னுடைய தொட்டி. என்னுடைய தண்ணீர்.

தண்ணீரை இறைத்துவிட்டேன். மறுநாள் எஸ்டேட் ஆபீஸ் ஆள் வந்து நிரப்பினான். தொட்டி ஆபீஸ் கணக்கில் இருக்கிறது, காலியாக வைக்கக் கூடாதாம். மரத்துக்கு நாங்கள் போடவிடாத நம்பரை அந்தத் தொட்டிக்கு யாரோ போட்டிருந்தான். அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பாயிடம் போய் நின்றேன். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. "தண்ணி தெரியாம மூடணும் பாய், அதுக்கு எத்தனை கிழங்கு வேணும்?" என்றேன். அவர் அன்றைக்குத் தமாஷ் பேசவில்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் தனக்குத் தெரிந்தவர் குட்டையிலிருந்து ஒரு கோணி நிறைய எடுத்துவந்து கொடுத்தார். "எல போர்த்திக்கும் தங்கச்சி. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. மரம் போடற நெழல எல போடாது" என்றார். போடவில்லைதான். மழைக்காலத்தில் முக்கால் தொட்டி இலையால் மூடும். கூரையில் அலை குறையும். காற்றடித்தால் இலைகள் ஒதுங்கி வழிவிடும். தினமும் ஷிப்டு முடிந்ததும் ஒரு குச்சியால் இலைகளை இழுத்து இழுத்து அக்கா வாசல் பக்கம் சேர்த்துவைப்பேன். பூவுக்காக வளர்த்தவள், பிறகு இலைக்காக வளர்த்தேன்.

அக்கா அப்போதெல்லாம் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். பேச்சு நின்றது ஃபைலைப் பார்த்த பிறகு. அவளுக்கு ஒரு புகார் எழுதிக் கொடுக்கலாம் என்று நானும் அவளும் எஸ்டேட் ஆபீஸுக்குப் போனோம். கிளார்க் சலித்துக்கொண்டு ஃபைலை எங்கள் பக்கம் திருப்பினார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதல் தாளில் என் பெயர், என் வீட்டு நம்பர். மரத்தின் நிழலால் தோட்டத்துக்கு இடைஞ்சல் என்று குடியிருப்பவர் புகார். அதை வைத்து நடவடிக்கை. நான் அதிகாரியிடம் பெருமையடித்தது புகாராகி, புகார் உத்தரவாகி, உத்தரவு ரம்பமாகியிருந்தது.

"இன்னாடி எழுதிக் கீது?" என்று அக்கா கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் சொல்லிவிட்டேன். "உன் வாயால போச்சா" என்றாள். அவ்வளவுதான். வீடு வரை எனக்கு முன்னால் நடந்தாள். நான் புகார் கொடுக்கவில்லை என்று தமிழில் ஒரு கடிதம் எழுதி ஆபீஸில் கொடுத்தேன். பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். அதற்கும் இல்லை. ஒரு வருஷத்துக்குமேல் அக்கா என்னோடு பேசவில்லை. ஆனால் நான் குச்சியால் இலை ஒதுக்கும்போது ஜன்னல் போர்வை கொஞ்சம் விலகும். அது எனக்குத் தெரியும்.

அண்ணன் கண்ணைக் காரணம் காட்டி முன்கூட்டியே வேலையை விட்டார். வெள்ளானூரில் சின்னதாக ஒரு மனை வாங்கி வீடு கட்டியிருந்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாளில் கிளார்க் பட்டியலோடு வருவார். குடிவந்தபோது கொடுத்ததெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் படிப்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் அக்கா. "வந்து கையெழுத்துப் போடுடி. வேற யாரக் கூப்புடுவேன்?" என்றாள். அவள் பின்னால் போனேன்.

கிளார்க் படித்தார். கதவு, ஜன்னல், மின்விசிறிக் கொக்கி, தொட்டி ஒன்று. பேனாவை நீட்டினார். அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு சுவரில் சாய்ந்து நின்றார்.

அக்கா பேனாவை வாங்கவில்லை. "மரம் ஒண்ணு. அத எழுது" என்றாள்.

"எந்த மரம்?"

"உனக்குத் தெரியும் எந்த மரம்னு."

"ரெக்கார்டுல இல்லாததை எழுத முடியாதும்மா. கையெழுத்துப் போடுங்க, சாவியக் குடுங்க, வண்டி நிக்குது பாருங்க."

"நிக்கட்டும். எழுதனாதான் சாவி."

வண்டியில் பாத்திரம் பண்டமெல்லாம் ஏற்றியாகிவிட்டது. வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அண்ணன்கூட, "வுடேன், போலாம்" என்றார். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் வெட்டுப்பட்ட அடிக்கட்டையின்மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். உச்சி வெயில். ஒரு மணி நேரம் இருக்கும். முதலில் கிளார்க் மிரட்டினார். பிறகு கெஞ்சினார். வரிசைப் பெண்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். தச்சர் வீட்டு அம்மாள் வந்து அவள் தலைமேல் குடை பிடித்தாள்.

கடைசியில் கிளார்க் பட்டியலின் அடியில், ஓரமாக எழுதினார். அக்கா தாளை வாங்கி என்னிடம் கொடுத்தாள். "சரியா எழுதிக் கீறானா படி."

படித்தேன். "மகிழமரம், ஒன்று. நம்பர் இல்லை. வெட்டப்பட்டது."

"யாரு வெட்னாங்கன்னு எழுதச் சொல்லு."

கிளார்க் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அத என்னால எழுத முடியாதும்மா. என் வேலை போயிரும்."

அவர் பாவம்தான். அக்காவுக்கும் அது தெரிந்தது. கையெழுத்துப் போட்டாள். சாவியைக் கொடுத்தாள். என் பக்கம் திரும்பி, "நீ எழுதுடி. உனக்குத்தான் எழுத வருமே" என்றாள். சாட்சி என்ற இடத்தில் நான் என் பெயரை மட்டும் எழுதினேன். எனக்கும் வேலை இருந்தது, குவார்ட்டர்ஸ் இருந்தது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். வண்டியில் ஏறிவிட்டாள்.

இப்போது எனக்கு வேலை இல்லை, ஓய்வு. குவார்ட்டர்ஸும் இல்லை. அந்த வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வெள்ளானூரில் அக்கா வீட்டு வாசலில் மேற்குப் பக்கம் ஒரு மகிழம் நிற்கிறது. அது அவர்கள் சொந்த மண். யாரும் தார் பூச வரமாட்டார்கள். ஆனால் சோம்பேறி மரம். அது நாற்காலி போடும் அளவுக்கு நிழல் விரிப்பதற்குள் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். மரம் வைக்கலாமா, தொட்டியில் அல்லி வைக்கலாமா என்று என்னிடம் இப்போதும் யாராவது கேட்கிறார்கள். கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபம் அவர்கள்மேல் இல்லை.

அன்றைக்கு எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். வெட்டச் சொன்னது எஸ்டேட் அதிகாரி. ரம்பம் பிடித்தது கூலிக்கு வந்த நான்கு பேர். மரமே இல்லை என்று படித்தது கிளார்க். அல்லிக்கு வெயில் பத்தவில்லை என்று சொன்னது நான். சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதுதான்.